பெட்டிக்கு வீடு எந்த மூலை

நாற்பத்தாறாயிரத்து முந்நூற்று ஐம்பது. முதலாளி எனக்குத் தரவேண்டிய சம்பள பாக்கி அவ்வளவுதான். தரமாட்டேன் என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. அந்த விஷயத்தில் தங்கமான மனிதர். கேட்கும்போதெல்லாம் ஒரு தேதி தருவார். அந்தத் தேதி வந்து போனதும் அதைவிட நல்ல தேதியாக இன்னொன்று தருவார். தேதிக்கு அவரிடம் பஞ்சமே கிடையாது.

பணம் எங்கே போனது என்பதிலும் ஒளிவு மறைவு இல்லை. கடையின் பின்னறையில், ஜன்னலுக்குக் கீழே, நீலநிறப் பெட்டியாக நின்றுகொண்டிருந்தது. லேசர் கட்டிங் மெஷின். விற்பனைக்கு வருகிறவற்றில் இதைவிட மலிவானது கிடையாது என்று முதலாளி பெருமையாகச் சொல்வார். பார்த்தாலே தெரியும், அவர் சொல்லவே வேண்டாம். மூடியை மூடினால் ஒரு பக்கம் மூடும், மறுபக்கம் யோசிக்கும்.

எங்களுடையது ரப்பர் ஸ்டாம்ப் கடை. முன்பெல்லாம் ரப்பரை வெளியே கொடுத்துச் செதுக்கி வாங்குவோம். என் வேலை அதை வெட்டி, கைப்பிடியில் ஒட்டி, எழுத்து சரியாக இருக்கிறதா என்று பார்த்துக் கொடுப்பது. ஸ்டாம்பில் எழுத்து இடவலம் மாறித்தான் இருக்கும். காகிதத்தில் குத்தினால்தான் நேராகும். நான் பள்ளிக்கூடம் போனவன் இல்லை. முப்பது வயது தாண்டி, இந்தக் கடையில், ரப்பர்த் துண்டுகளைப் பார்த்துப் பார்த்துத்தான் எழுத்துக் கற்றேன். அதனால் மாறி நிற்கிற எழுத்துதான் எனக்குச் சொந்தக்காரன். நேராக நிற்கிறவன் தூரத்து உறவு.

மெஷின் வந்த புதிதில் ஒரு மாதம் ஒழுங்காக ஓடியது. அதை ஓட்டும் சாஃப்ட்வேருக்கு ஒரு சாவி உண்டு. விரல்நுனி அளவு பிளாஸ்டிக் குச்சி. அதைக் கம்ப்யூட்டரில் செருகினால்தான் மெஷின் அசையும். தொலைந்துவிடக் கூடாதே என்று முதலாளி அதைத் தன் கால்சட்டைப் பையிலேயே பத்திரமாக வைத்திருந்தார். அந்தக் கால்சட்டையை அவர் வீட்டு வாஷிங் மெஷினும் பத்திரமாகத் துவைத்துக் கொடுத்தது. சாவி பளிச்சென்று வந்தது, உயிரில்லாமல். புதுச் சாவிக்கு, விற்றவன் மெஷின் விலையில் பாதி கேட்டான்.

"அவன் கெடக்கான். பொறுமையா இருப்போம்" என்றார் முதலாளி. பொறுமை என்னுடையது என்பதால் அவர் அதைத் தாராளமாகச் செலவு செய்தார்.

வீட்டில் அந்த அளவு பொறுமை கையிருப்பில் இல்லை. என் மனைவி துணி தைப்பவள். சம்பளம் வராத மாதங்களில் அவள் தையல் மெஷின்தான் எங்களுக்குச் சோறு போட்டது. பிறகு ஒரு வாடகைக்காக அந்த மெஷினே அடகுக்கடைக்குப் போனது. இப்போது அடகுக்கடைக்காரர் முடிவாகச் சொல்லிவிட்டார்: மாதக் கடைசிக்குள் மீட்காவிட்டால் வேறு ஆளுக்கு விற்றுவிடுவார்.

"உங்க முதலாளிக்கு ஒரு மெஷின் இருக்கு, ஓடல. எனக்கு ஒரு மெஷின் ஓடுது, இங்க இல்ல" என்றாள் அவள். "ரெண்டுக்கும் நடுவுல நீங்க ஒருத்தர், ஓடவும் இல்ல, நிக்கவும் இல்ல."

இந்த இடத்தில்தான் என் மைத்துனன் வருகிறான். மனைவியின் தம்பி. குடும்பத்தில் அவனுக்கு விஞ்ஞானி என்று பெயர். செல்போன் கடை, கேமரா கடை, லிஃப்ட் கம்பெனி என்று மூன்று இடத்தில் வேலை பார்த்து, மூன்று இடத்திலும் முதலாளிகளுக்குப் புத்தி சொல்லி வெளியே வந்தவன். மெஷினின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றி உள்ளே ஒரு பார்வை பார்த்தான்.

"மாமா, இதுல மோட்டார் நல்ல மோட்டார். டியூப் நல்ல டியூப். மூளைதான் மட்டம். இந்தக் கார்டத் தூக்கிக் கடாசிட்டு வேற கார்டு போடுவோம். அத ஓட்டுறதுக்கு ஓப்பன் சோர்ஸ் ஃபர்ம்வேர் இருக்கு. சாவியும் வேணாம், பூட்டும் வேணாம்."

"அந்த ஃபர்ம்வேர் என்ன வெல?" என்றார் முதலாளி.

"வெலயே இல்ல சார். உலகத்துல எவனெவனோ உக்காந்து எழுதி, யார் வேணா எடுத்துக்கோங்கன்னு போட்டு வெச்சிருக்கான்."

"காசு வாங்காமயா?"

"காசு வாங்காம."

முதலாளிக்கு முகம் கனிந்துவிட்டது. பிறகு என் பக்கம் திரும்பினார். "பாத்தியா? உலகத்துல இப்படியும் மனுசங்க இருக்காங்க."

எனக்கு அந்த மனிதர்களை நினைத்துப் பெருமையாக இருந்தது. நானும் காசு வாங்காமல்தான் உழைக்கிறேன். கேட்டு வாங்க முயல்வது ஒன்றுதான் என்னிடம் உள்ள குறை.

ஃபர்ம்வேர் சும்மா, ஆனால் அதைப் போடும் கார்டு சும்மா இல்லை. மூவாயிரத்து இருநூறு. "இப்போதைக்கு நீ போட்டு வாங்கு, பாக்கியோட சேத்துக்கலாம்" என்றார் முதலாளி. அப்படியாக எனக்கு வரவேண்டிய தொகை ஒரே நாளில் நாற்பத்தொன்பதாயிரத்து ஐந்நூற்று ஐம்பதாக வளர்ந்தது. என் வாழ்க்கையில் இவ்வளவு வேகமாக வளர்ந்தது வேறு எதுவும் இல்லை.

அந்த வாரம் பல் ஆஸ்பத்திரி மேனேஜர் ஒருவர் வந்து முப்பது அறைப் பலகைக்கு ஆர்டர் கொடுத்தார். கண்ணாடி மாதிரி இருக்கும் அக்ரிலிக் தகட்டில் எழுத்துச் செதுக்க வேண்டும். அடுத்த வாரச் சனிக்கிழமை புதுக் கட்டடத்தைத் திறக்கிறார்கள். முதலாளி முன்பணத்தை வாங்கி மேசைக்குள் போட்டார். மெஷின் ஓடுமா என்று அவர் கேட்கவும் இல்லை, இவர் சொல்லவும் இல்லை. மேனேஜர் போனதும் என்னிடம் சொன்னார்: "இந்த வேல முடிஞ்சு மிச்சப் பணம் கைக்கு வர்ற அன்னிக்கு, உன் பாக்கி மொத்தமும் செட்டில். என் புள்ளைங்க மேல ஆணை."

அவருக்குப் பிள்ளைகள் இருப்பது இப்படி ஆணையிடும்போதுதான் எனக்கு நினைவுக்கு வரும். அவர்கள்மீது ஆணையிட்டது, எனக்குத் தெரிந்து, இது எட்டாவது முறை.

ஞாயிற்றுக்கிழமை கடையை அடைத்துவிட்டு மூவரும் பின்னறையில் உட்கார்ந்தோம். விஞ்ஞானி முதலில் பிளக்கைப் பிடுங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டான். "இந்த மூலைல இருக்கிற பவர் சப்ளைய யாரும் தொடக் கூடாது. தொட்டா ஸ்டாம்ப் ஒட்டுறதுக்கு ஆள் மிஞ்ச மாட்டாங்க" என்றான். முதலாளி உடனே என்னை அந்தப் பக்கமாக நகர்ந்து உட்காரச் சொன்னார்.

பழைய கார்டைக் கழற்றினோம். இரண்டு மோட்டார் ஒயர், லேசரைச் சுமந்து நகரும் தலை ஓரத்தில் முட்டினால் தெரிவிக்கும் சுவிட்சுகளின் பட்டை ஒயர், லேசரை எரிய வைக்கும் ஒயர், கரண்டு ஒயர். ஒவ்வொன்றிலும் நான் துண்டுச் சீட்டு ஒட்டினேன். புதுக் கார்டு அளவில் பாதிதான் இருந்தது. அதைப் பார்த்ததும் முதலாளிக்கு ஏமாற்றம். "இத்துனூண்டுக்கா அவ்வளவு காசு?" என்று, என் காசுக்காக வருந்தினார்.

லேசர் டியூப் சூடாகாமல் இருக்கத் தண்ணீர் ஓடவேண்டும். அதற்கு ஒரு வாளியும் மோட்டாரும் உண்டு. வாளியைத் திறந்தால் உள்ளே டீ கிளாஸ் இரண்டு கிடந்தது. முதலாளி அதை எடுத்து உதறி, ஒன்றை எனக்கு நீட்டினார்.

பிறகு கேள்விகள் ஆரம்பித்தன. பழைய சாஃப்ட்வேர் ஒரு கேள்வியும் கேட்காது, அதற்குப் புரிந்ததைச் செய்யும். புதியது பெண் பார்க்க வந்த சம்பந்தி மாதிரி எல்லாவற்றையும் விசாரித்தது. ஒரு மில்லிமீட்டர் நகர மோட்டார் எத்தனை எட்டு வைக்கவேண்டும்? எவ்வளவு வேகம் போகலாம்? லேசரின் முழு பலம் எந்த எண்? விஞ்ஞானி ஒவ்வொன்றாக அடித்தான். சதுரம் வரையச் சொன்னால் செவ்வகம் வந்தது. வட்டம் வரையச் சொன்னால் முட்டை வந்தது. நான் ஸ்கேல் வைத்து அளந்து சொல்ல, அவன் பெருக்கி வகுத்துத் திருத்தினான். நாலாவது அட்டையில் சதுரம் சதுரமாக வந்தது. வட்டத்தின் மேல் ஒரு டீ கிளாஸைக் கவிழ்த்துப் பார்த்தோம், கச்சிதமாகப் பொருந்தியது.

கடைசியாக ஒரு கேள்வி: வீடு எந்த மூலை?

"அதுக்கு எதுக்குய்யா வீடு?" என்றார் முதலாளி.

"தலை தெனமும் வேல ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ஒரு மூலைல போய் முட்டி நிக்கும் சார். அதுக்குப் பேர் வீடு. அங்கேருந்துதான் கணக்கு எல்லாம்."

தலை போய் முட்டி நின்றது பின்பக்க இடது மூலையில். ஆனால் விஞ்ஞானி பார்த்த வீடியோவில் முன்பக்க இடது மூலை. வீடியோவில் பேசினவன் நல்ல சட்டை போட்டிருந்தான். அதனால் எங்கள் பெட்டி எங்கே நிற்கிறது என்பதைவிட அவன் சொன்னதுதான் சரியாக இருக்கும் என்று, முன்பக்கம் என்றே பதிந்துவிட்டான். ஆக மேல் எது கீழ் எது என்பதை மெஷின் மாற்றிப் பிடித்துக்கொண்டது. மேல்கீழ் மாறி விழுந்த எழுத்தைக் கையில் எடுத்து ஒரு சுற்றுச் சுற்றிப் பிடித்தால் இடவலம் மாறின எழுத்து. சதுரத்துக்கும் வட்டத்துக்கும் மேலும் கிடையாது, கீழும் கிடையாது. அவை எங்களைக் காட்டிக் கொடுக்கவில்லை.

திங்கட்கிழமை காலை முதல் பலகை வெளியே வந்தது. 'பணம் செலுத்துமிடம்.' கீறல் விழாமல் இருக்கத் தகட்டின் இரு பக்கமும் தாள் ஒட்டி வரும்; மேல் தாளை மட்டும் உரித்துச் செதுக்கியிருந்தோம். எழுத்து பனி படிந்த மாதிரி வெள்ளையாக, ஓரம் சுத்தமாக இருந்தது. முதலாளி கையில் எடுத்து, சுற்றிப் பிடித்து, படித்தார்.

"அப்பா! எழுத்தா இது? முத்து!"

என்னிடம் தந்தார். நானும் படித்தேன். ஒரு பிழை இல்லை. துணைக்கால், புள்ளி, சுழி எல்லாம் அதனதன் இடத்தில். "சரியா இருக்கு, ஓட்டலாம்" என்றேன். விஞ்ஞானி எழுத்தைப் பார்க்கவே இல்லை. ஓரத்தின் சுத்தத்தைத்தான் பார்த்தான். அவன் செய்ததில் பிழை இருக்கும் என்று அவன் என்றைக்கும் தேடுவதில்லை.

பாவம், முதலாளி முப்பது வருஷம் ஸ்டாம்ப் செய்தவர். நான் ஸ்டாம்பில் எழுத்துக் கற்றவன். எங்கள் இருவருக்கும் அதைவிட நேரான எழுத்து இருக்கமுடியாது. முப்பது பலகையையும் ஓட்டினோம். 'எக்ஸ்ரே', 'மருத்துவர் அறை', 'அமைதி காக்கவும்', 'வலியில்லா சிகிச்சை'. ஒவ்வொன்றையும் நான் சரிபார்த்தேன். மாதிரிக்காக, முதல் பலகையை மட்டும் இரு பக்கத் தாளையும் உரித்து, செதுக்கின பக்கம் தன்னைப் பார்க்கும்படி முதலாளி கடை முன்கண்ணாடியில் தொங்கவிட்டார். நாற்காலியில் உட்கார்ந்தபடி அடிக்கடி அதை நிமிர்ந்து பார்த்து மகிழ்ந்தார்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் மேனேஜர் வந்து எடுத்துக்கொள்வதாகப் பேச்சு. அன்றைக்குத்தான் மாதக் கடைசி. என் மனைவி காலையிலேயே கடைக்கு வந்துவிட்டாள். பணம் வாங்காமல் போவதில்லை என்று அவள் சொல்லவில்லை; ஆனால் பையில் தண்ணீர் பாட்டில் எடுத்து வந்திருந்தாள்.

"வாம்மா, உக்காரு. உன் தம்பி கைவண்ணத்தப் பாரு" என்று கண்ணாடியைக் காட்டினார் முதலாளி.

அவள் பார்த்தாள். தலையைச் சாய்த்துப் பார்த்தாள். "இது எந்த ஊரு எழுத்து?"

"என்னம்மா, பணம் செலுத்துமிடம்னு பளிச்சுன்னு இருக்கே."

"எனக்குப் பளிச்சுன்னு இல்லியே. கொம்பு எழுத்துக்குப் பின்னாடி நிக்குது. புள்ளி வெச்சவனுக்கு மட்டும்தான் புத்தி நேரா இருக்கு."

முதலாளிக்குக் கோபம். எழுந்து, கதவைத் திறந்து, தெருவுக்குப் போய், வெளியே நின்று கண்ணாடி வழியே படித்தார். உள்ளே வந்தார்.

"நேராத்தான் இருக்கு. யோவ், உன் சம்சாரத்தக் கண் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போ."

"எந்தப் பணத்துல?" என்றாள் அவள்.

இப்போது அவள் வெளியே போய்ப் பார்த்தாள். வெளியே நேராக இருந்தது. உள்ளே வந்து பார்த்தாள். மாறி இருந்தது. எனக்கும் முதலாளிக்கும் மட்டும் இரண்டு பக்கமும் நேராகவே இருந்தது. அதுதான் வினை என்று அப்போதுதான் புரிந்தது. நான் உள்ளே ஓடி அடுக்கி வைத்த பலகைகளில் ஒன்றை எடுத்து, செய்தித்தாளுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். செய்தித்தாள் ஒரு பக்கம் போனது, பலகை எதிர்ப்பக்கம் போனது.

"டேய் மாப்ளே" என்று, மெஷினைத் துடைத்துக்கொண்டிருந்த விஞ்ஞானியைக் கூப்பிட்டேன். "வீடு எந்த மூலைன்னு போட்ட?"

அவன் லேப்டாப்பைத் திறந்து பார்த்தான். "வீடியோல என்ன சொன்னானோ அதத்தான் போட்டேன் மாமா."

"வீடியோல இருக்கிறவன் மெஷின் வீடியோல இருக்கு. நம்ம மெஷின் இங்கல்ல இருக்கு!"

"ரெண்டு நிமிஷம் மாமா. ஒரே ஒரு இடத்துல மாத்தினாப் போதும். அதான் ஓப்பன் சோர்ஸோட அழகு."

"முப்பது தகடும் போச்சே, அதுக்கு எங்க மாத்தணும்?"

முதலாளி நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். அவர் மூடிய கண்ணுக்குள் கூட்டல் கழித்தல் நடப்பது எனக்குத் தெரிந்தது. திறந்ததும் சொன்னார்: "தகடு காசு, கரண்டு காசு, திருப்பித் தரவேண்டிய முன்பணம். எல்லாம் பாத்தா நீதான் எனக்குத் தரவேண்டி வரும் போல."

ஐந்து மணிக்கு அடகுக்கடை மூடும். மனைவி ஒரு பலகையை எடுத்துத் திருப்பினாள். பின்பக்கத்தில் தாள் ஒட்டியிருந்தது. நகத்தால் ஓரத்தைக் கீறி, அதை முழுசாக உரித்தாள். வெளிச்சத்தில் பிடித்தாள். 'அமைதி காக்கவும்' என்று நேராக, வழவழப்பான பக்கத்துக்கு உள்ளேயிருந்து எழும்பி வந்த மாதிரி தெரிந்தது.

"இதுக்குத்தான் இவ்வளவு ஒப்பாரியா? துணிய உள்பக்கம் வெளிய இருக்கத் தைச்சிட்டு, கடைசில திருப்பிப் போடறதில்லையா? இதையும் திருப்பி மாட்டச் சொல்லுங்க. எழுத்து உள்ளார இருக்கும், அழுக்கு ஏறாது, ஒரு துடை துடைச்சாப் போதும்."

நாலு மூலையிலும் திருகாணி ஓட்டை. எந்தப் பக்கம் திருப்பினாலும் ஓட்டை ஓட்டைதான்.

நாலு பேரும் உட்கார்ந்து தாள் உரித்தோம். முதலாளியும் உரித்தார், பத்து வருஷத்தில் அவர் கையால் ஒரு வேலை செய்து நான் பார்த்தது அன்றுதான். கடைசித் தாளை உரிக்கும்போது மேனேஜர் உள்ளே நுழைந்தார். ஒரு பலகையை எடுத்து விரலால் தடவினார். எழுத்து தட்டுப்படவில்லை. மறுபடி தடவினார்.

"எழுத்து எங்க இருக்கு? தெரியுது, ஆனா கைக்கு அகப்படலியே."

முதலாளி தொண்டையைச் செருமினார். "பின்முகச் செதுக்கல் சார். சாதாரணமா நாங்க எல்லாருக்கும் செய்யறதில்ல. ஆஸ்பத்திரி, சுத்தம் முக்கியம்னு உங்களுக்காக யோசிச்சு யோசிச்சு செஞ்சோம். பலகைக்கு கொஞ்சம் கூட ஆகும். நீங்க நம்ம ஆளு, அதனால பழைய ரேட்டே குடுங்க."

விஞ்ஞானி தலையாட்டினான். "ஃபர்ம்வேர்லயே அதுக்குத் தனியா செட்டிங் வெச்சிருக்கோம் சார்."

மேனேஜர் பையிலிருந்து பணத்தை எடுத்து எண்ணி நீட்டினார். முதலாளியின் கை புறப்பட்டது. ஆனால் அதற்கு முன்பே, தாள் உரித்த பசையோடு, என் மனைவியின் கை அங்கே போய் நின்றது.

"குடுங்க சார், நான் எண்ணித் தர்றேன். அண்ணனுக்குக் கையெல்லாம் பசை."

பலகைகளை அட்டைப்பெட்டியில் அடுக்கிக்கொண்டு மேனேஜர் போனார். அவள் எண்ணினாள். ஒரு கட்டைப் பிரித்துத் தன் மடியில் வைத்தாள், மிச்சத்தை மேசைமேல் வைத்தாள். "நாப்பத்தொன்பதாயிரத்து ஐநூத்தி அம்பது எடுத்துக்கிட்டேன் அண்ணே."

"அதுல அந்தக் கார்டு காசு…" என்று தொடங்கினார் முதலாளி.

"கார்டும் சேத்துத்தான்."

"சரி, ஐநூறாவே வெச்சுக்கம்மா. அந்த அம்பத விடு. கணக்கு அழகா இருக்கும்."

"எங்களுக்கு அழகெல்லாம் வேண்டாம் அண்ணே. அம்பது போதும்."

முதலாளி என்னைப் பார்த்தார். இத்தனை வருஷமாக அவருக்கு நான் காட்டிய பொறுமையில் மிச்சம் ஏதாவது இருக்குமா என்று தேடின பார்வை. நான் வாளித் தண்ணீரை மாற்றப் போய்விட்டேன். திரும்பி வந்தபோது அவர் விஞ்ஞானியிடம் கேட்டுக்கொண்டிருந்தார்: "தம்பி, அந்த மூலைய மாத்திடாத. அப்படியே இருக்கட்டும். ஸ்டாம்புக்கும் அதான், பலகைக்கும் அதான். ஆமா, நம்ம கடைல உனக்கு வேல போட்டுத் தரட்டுமா? சம்பளம் அடுத்த மாசக் கடைசில பேசிக்கலாம்."

"இல்ல சார், நான் ஓப்பன் சோர்ஸ் ஆளு. எங்கயும் கட்டிப் போட முடியாது" என்றான் விஞ்ஞானி. அவன் வாழ்நாளில் பேசின ஒரே புத்திசாலித்தனமான பேச்சு.

அடகுக்கடை மூட இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது. தையல் மெஷினை உள்ளே இருந்து தூக்கி வந்து வைத்தார்கள். மனைவி சக்கரத்தை ஒரு சுற்றுச் சுற்றி, ஊசி இறங்கி ஏறுகிறதா என்று பார்த்தாள். கடைக்காரர் பணத்தை வாங்கிக்கொண்டு, ரசீதில் ஓங்கி ஒரு ஸ்டாம்ப் குத்தி என்னிடம் நீட்டினார். எங்கள் கடை ஸ்டாம்ப்தான். கைப்பிடி நான் ஒட்டினது. கொஞ்சம் கோணலாக இருக்கும்.

"என்ன போட்டிருக்கு, சரியா பாருங்க" என்றாள் மனைவி, மெஷினை ஒரு பக்கம் தூக்கியபடி.

ரசீதைத் திருப்பி, விளக்கு வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து, பின்பக்கத்திலிருந்து படித்தேன். 'கணக்குத் தீர்ந்தது.' ஒரு பிழை இல்லை.